சூரியன் இறங்கிய பிறகு யார் தாங்குவது? வழுதூர் எரிவாயு நிலையமும் சாயங்கால பீக் நேரமும்

உச்சிப்புளிப் பையன்

எல்லோருக்கும் வணக்கம். டிப்ளமோ எலக்ட்ரிகல் கடைசி வருடம் படிக்கிறேன். தினமும் ராமநாதபுரத்துக்குப் பஸ்ஸில் போகும்போது வழுதூர் எரிவாயு மின் நிலையத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். போன வாரம் வகுப்பில் பீக்கிங் நிலையம் பற்றிப் பாடம் வந்தது. புத்தகத்தில் இரண்டே வரி: மின்தேவை உச்சத்தில் இருக்கும் சில மணி நேரம் மட்டும் ஓடும் நிலையம், அதற்கு எரிவாயு டர்பைன் ஏற்றது. அவ்வளவுதான்.

என் சந்தேகம் இதுதான். எரிவாயு டர்பைன் பீக் நேரத்துக்கு ஏற்றது என்றால் வழுதூர் ஏன் ராத்திரி பகலாக ஓடும்படி அமைக்கப்பட்டிருக்கிறது? கமுதியில் 2016லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்துவிட்டது. வெயில் அடிக்கும் நேரத்தில் வழுதூரை நிறுத்திவிட்டு, சாயங்காலம் ஆறு மணியிலிருந்து பத்து மணி வரை மட்டும் ஓட்டினால் நம் மண்ணிலிருந்து எடுக்கிற காஸ் மிச்சமாகுமே? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மண்டபம் ஐஸ்

தம்பி, விவரம் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அந்த ஆறு டு பத்து என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பிறகு ஐஸ் கம்பெனியை நான்தான் பார்க்கிறேன். விசைப்படகு கடலுக்குப் போகிற நாளுக்கு முந்தின ராத்திரிதான் எங்களுக்கு உயிர் போகிற வேலை. ஐஸ் கேன் எல்லாம் உப்புத்தண்ணீர்த் தொட்டிக்குள் வரிசையாக நிற்கும். அம்மோனியா கம்ப்ரசர் நிற்காமல் ஓடவேண்டும். போன மாசியில் ஒரு நாள் ஏழே காலுக்குக் கரண்ட் போய் ஒன்பதரைக்குத்தான் வந்தது. விடியற்காலையில் கேனைத் தூக்கிக் கவிழ்த்தால் ஐஸ்கட்டி வெளியே கண்ணாடி போல இருக்கிறது, நடுவில் முழங்கை நுழைகிற அளவுக்குப் பொந்து, அதற்குள் தண்ணீர் குலுங்குகிறது. அப்படிப்பட்ட கட்டியை உடைத்துப் படகில் போட்டால் மறுநாள் சாயங்காலம் வரைகூட மீன் தாங்காது. பாதி விலைக்குத்தான் கொடுத்தேன்.

வழுதூர் இத்தனை பக்கத்தில் இருந்தும் எங்களுக்கு ஏன் இந்த நிலைமை? இதையும் யாராவது சேர்த்துச் சொல்லுங்கள்.

பழைய டர்பைன் ஆள்

தம்பிக்கும் அம்மாவுக்கும் வணக்கம். முப்பது வருடம் எரிவாயு டர்பைன்களோடு இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த நிலையம் என்று சொல்லப்போவதில்லை, கடலோரம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரிட் என்றால் எல்லா மின் நிலையங்களையும் எல்லா ஊர்களையும் இணைக்கிற கம்பி வலை. அதில் எந்த நொடியில் எவ்வளவு கரண்ட் எடுக்கிறார்களோ அந்த நொடியில் அவ்வளவு உற்பத்தி ஆகவேண்டும். கூடக் குறைய இருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது ஃப்ரீக்வென்சி, அதாவது கரண்ட் நொடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்ற எண். நம் நாட்டில் 49.90 முதல் 50.05 ஹெர்ட்ஸுக்குள் அது நிற்கவேண்டும் என்பது விதி. இன்று ராமேஸ்வரம் முதல் காஷ்மீர் வரை ஒரே கிரிட். தென்மாநில கிரிட் 2013 டிசம்பர் 31 அன்றுதான் மற்றவற்றோடு சேர்ந்தது. அதற்குப் பிறகு ஊர் பெரிதாகிவிட்டது, தாங்குகிற தோளும் பெரிதாகிவிட்டது.

இப்போது சாயங்காலம் ஐந்து மணியை எண்ணிப் பாருங்கள். கமுதி மாதிரி எல்லாச் சூரிய நிலையங்களும் ஒரே நேரத்தில் இறங்க ஆரம்பிக்கும். அதே நேரத்தில் வீட்டில் விளக்கு, மிக்ஸி, டிவி, ஏசி எல்லாம் ஏறும். ஒரு பக்கம் இறக்கம், இன்னொரு பக்கம் ஏற்றம். இரண்டு மணி நேரத்துக்குள் அந்த இடைவெளியை நிரப்பியாக வேண்டும்.

நிலக்கரி நிலையத்துக்கு அந்த வேகம் வராது. குளிர்ந்து கிடக்கிற பாய்லரைச் சூடாக்கி லோடு எடுக்கவே ஏறக்குறைய அரை நாள் ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷினைப் பகலில் இறக்கி வைத்தாலும் பொதுவாக 55 சதவீதத்துக்குக் கீழே விடமாட்டார்கள். தீ நிலையாக நிற்காது. அந்த எல்லையை 40 சதவீதம் வரை கொண்டுபோகத்தான் இப்போது பாடுபடுகிறார்கள். நீர்மின் நிலையம் எல்லாவற்றையும் விட வேகம், சில நிமிடங்களில் ஏறிவிடும். அடுத்த இடம் எரிவாயு டர்பைனுக்கு. தனி டர்பைனாக இருந்தால் பட்டனை அழுத்தியதிலிருந்து 15 முதல் 30 நிமிடத்துக்குள் முழு லோடு.

அந்த அரை மணி நேரம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன், தம்பிக்குப் பிடிக்கும். எந்த நிலையம் எவ்வளவு ஓடவேண்டும் என்று சொல்கிற லோடு டெஸ்பாட்ச் மையத்திலிருந்து போன் வரும். சுழல்தண்டு ஏற்கெனவே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், வளைந்துவிடக் கூடாது என்பதற்காக. ஸ்டார்ட் கொடுத்ததும் மோட்டார் அதை இழுத்து வேகம் ஏற்றும். தங்கியிருக்கும் காஸ் எல்லாம் வெளியேறும்படி கொஞ்ச நேரம் வெறும் காற்றை ஊதும். அப்புறம் பொறி, தீ. பாதி வேகத்தைத் தாண்டியதும் மோட்டாரின் உதவி இல்லாமல் தானே ஓடத் தொடங்கும்; அந்த இடத்தில் சத்தத்தின் சுருதி மாறுவது காதுக்கே தெரியும். முழு வேகம் வந்ததும், மெஷினின் தாளமும் கிரிட்டின் தாளமும் ஒத்துப்போகிறதா என்று காட்டுகிற சின்க்ரோஸ்கோப் முள்ளைப் பார்ப்போம். அது கடிகாரம் போகிற திசையில், மெதுவாக, மிக மெதுவாகச் சுற்றவேண்டும். பன்னிரண்டை நெருங்கும்போது, மெஷினைக் கிரிட்டோடு சேர்க்கிற பிரேக்கர் சுவிட்ச் விழும். ஒரு "டங்" சத்தம். அந்த நொடியிலிருந்து நம் மெஷினும் காஷ்மீரில் ஓடுகிற மெஷினும் ஒரே தாளம்.

வழுதூர் ஏன் அப்படி ஓடவில்லை என்பதை அடுத்த பதிவில் எழுதுகிறேன். கண் வலிக்கிறது.

கமுதி சோலார் டெக்னீஷியன்

ஐயா சொன்னது நூற்றுக்கு நூறு. நான் தகடு பராமரிப்பு வேலை பார்க்கிறேன். சாயங்காலம் நாலரைக்கு மேல் இன்வெர்ட்டர் திரையைப் பார்த்தால் எண் படியிறங்குவது போலக் குறையும். ஆறரைக்குப் பூஜ்யம். மேகம் வந்தால் இன்னும் மோசம், பத்து நிமிடத்தில் பாதி போய் மறுபடி வரும். இதை நாங்கள் எதுவும் செய்ய முடியாது, யாராவது மறுமுனையில் ஏற்றி இறக்கித்தான் ஆகவேண்டும்.

2020 ஏப்ரல் 5 ஞாபகம் இருக்கிறதா? ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம் நாடு முழுக்க விளக்கை அணைத்தார்கள். தேவை சுமார் 31,000 மெகாவாட் சட்டென்று இறங்கியது, உடனே மறுபடி ஏறியது. அன்று பெரும்பகுதியைத் தாங்கியது நீர்மின் நிலையங்கள், கூடவே எரிவாயு நிலையங்களும் கைகொடுத்தன. அவ்வளவு பெரிய ஆட்டத்திலும் கிரிட் விழவில்லை.

மண்டபம் ஐஸ்

அந்த ராத்திரி நாங்கள் விளக்கை அணைத்தோம், கம்ப்ரசரை நிறுத்தவில்லை. மற்ற சாமான்களை நிறுத்தவேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

பழைய டர்பைன் ஆள்

சரி, வழுதூருக்கு வருவோம்.

அங்கே இரண்டு பகுதிகள். முதலாவது 95 மெகாவாட்: எரிவாயு டர்பைன் 60, நீராவி டர்பைன் 35. இரண்டாவது 92.2 மெகாவாட். ஆக மொத்தம் 187.2. இதற்குப் பெயர் கூட்டுச் சுழற்சி. எரிவாயு டர்பைனிலிருந்து வெளியே போகிற புகை 500 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும். அதை வானத்துக்கு விடாமல் ஒரு கொதிகலனுக்குள் செலுத்தி, அதில் வரும் நீராவியில் இன்னொரு டர்பைனை ஓட்டுகிறார்கள். அதனால்தான் ஒரே காஸில் ஒன்றரை மடங்கு கரண்ட் கிடைக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: கூட்டுச் சுழற்சியில் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.2 கன மீட்டர் காஸ் போதும். தனி டர்பைனாக ஓட்டினால் ஏறக்குறைய 0.3 வேண்டும்.

தம்பி சொல்கிறபடி தினமும் சாயங்காலம் மட்டும் ஓட்டினால் என்ன ஆகும்? எரிவாயு டர்பைன் அரை மணியில் தயார். ஆனால் அந்தக் கொதிகலனின் தடித்த இரும்புச் சுவர் மெதுவாகத்தான் சூடேற வேண்டும், இல்லையென்றால் வெல்டிங் இடங்களில் வெடிப்பு விழும். நீராவிப் பக்கம் முழு லோடுக்கு வருவதற்குள் பீக் நேரத்தில் பாதி போயிருக்கும். அதாவது காஸை மிச்சப்படுத்தப் போய், கூடுதல் காஸ் எரிப்போம்.

இன்னொன்று தேய்மானம். ஒவ்வொரு ஸ்டார்ட்டும் டர்பைன் பிளேடுக்கு ஒரு சூட்டு அடி. சில மெஷின்களில் ஒரு ஸ்டார்ட்டைப் பத்து, இருபது மணி நேர ஓட்டத்துக்குச் சமமாகக் கணக்கு எழுதுவார்கள். நான்கு மணி நேரம் ஓட்டுவதற்கு இருபது மணி நேர ஆயுளைச் செலவழித்தால் பெரிய பழுதுபார்ப்பு சீக்கிரம் வந்து நிற்கும். பீக்கிங் நிலையம் என்றால் அதற்கென்றே வாங்கி வைத்த மெஷின் வேண்டும். நம் மாநிலத்தில் அந்த வேலைக்கு ஏற்றது சென்னை பேசின் பிரிட்ஜ்: 30 மெகாவாட்டில் நான்கு தனி டர்பைன்கள், 1996ல் வந்தவை. வருடத்தில் ஓடிய நேரத்தைப் பார்த்து அதை வீண் என்று சொல்லுவார்கள். கோவில் யானையை நடந்த தூரத்தை வைத்து எடைபோடுவதா? பீக்கிங் நிலையத்தின் வேலை ஓடுவது மட்டுமல்ல, கூப்பிட்டால் வருவதற்குத் தயாராக நிற்பதும்தான்.

மூன்றாவது காரணம்தான் எல்லாவற்றையும் விட முக்கியம், இங்கே பலருக்குத் தெரியாது. வழுதூருக்கு வருகிற காஸ் நம் மாவட்டத்துக் கிணறுகளிலிருந்து ஓஎன்ஜிசி எடுப்பது, கெயில் குழாய் வழியாக வருவது. எரிவாயுக் கிணறு குழாயடி மாதிரி அல்ல, காலையில் மூடி சாயங்காலம் திறப்பதற்கு. அதை ஒரே சீராக ஓடவிட வேண்டும். அடிக்கடி மூடித் திறந்தால் அடியில் தண்ணீர் ஏறி, கிணறே கெட்டுப்போகலாம். பல வருடம் இந்தப் பகுதிக் குழாய் வேறு எந்தப் பெரிய குழாயோடும் சேராமல் தனித்தீவாகத்தான் இருந்தது. நாள் முழுக்க வருகிற காஸை நாள் முழுக்க எரித்துத்தான் தீரவேண்டும். தேக்கி வைக்கத் தொட்டி கிடையாது.

உச்சிப்புளிப் பையன்

ஐயா, "பல வருடம் தனித்தீவாக இருந்தது" என்கிறீர்கள். இப்போது இல்லையா?

பழைய டர்பைன் ஆள்

கெட்டிக்காரத் தம்பி. இப்போது இல்லை. 2021 பிப்ரவரியில் ராமநாதபுரம் – தூத்துக்குடி குழாய் திறக்கப்பட்டது, 143 கிலோமீட்டர். நம் காஸ் தூத்துக்குடி ஸ்பிக் உர ஆலைக்கும் போகிறது. அதற்கு முன்னால் அவர்கள் நாப்தா என்கிற பெட்ரோலிய எண்ணெயில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நீ முதலில் கேட்ட கேள்வி 2010ல் கேட்டிருந்தால் "முடியாது" என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன். இன்று அப்படி முடிக்க முடியவில்லை, அதனால்தான் இத்தனை எழுதுகிறேன்.

பெரியபட்டினம் விவசாயி

எல்லோரும் மெஷினைப் பற்றியே பேசுகிறீர்கள். கிணறு இருக்கிற பக்கத்து ஆள் நான், ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

காஸ் கிணறு தோண்டியபோது வேலை கிடைக்கும், ஊர் மாறும் என்று சொன்னார்கள். காவலாளி வேலையைத் தாண்டி எங்கள் பிள்ளைகளுக்குப் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ராத்திரி தீ எரிகிற கம்பத்தைப் பார்த்துக்கொண்டே, கரண்ட் இல்லாத வீட்டில் உட்கார்ந்திருக்கிறோம். 2020ல் காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டம் போட்டார்கள். ராமநாதபுரம் அதில் இல்லை. 2025ல் மாவட்டத்தில் இருபது ஆய்வுக் கிணறுகளுக்கு அனுமதி என்று செய்தி வந்ததும் ஊருக்கு ஊர் எதிர்ப்பு கிளம்பியது, மாநில அரசும் விடமாட்டோம் என்று சொன்னது. மழையை நம்பி நெல்லும் மிளகாயும் போடுகிற பூமி இது. கண்மாய்க்கு அடியில் என்ன நடக்கிறது என்ற பயம் எங்களுக்கு நியாயமான பயம்.

அதனால் என் கேள்வி வேறு. இருக்கிற காஸ் ஒரு நாள் தீரும். தீருவதற்குள் அதை எதற்கு எரிக்கவேண்டும், எதற்கு எரிக்கக் கூடாது என்று யாராவது யோசிக்கிறார்களா? உச்சி வெயிலில், தகடு எல்லாம் தகதகவென்று உற்பத்தி பண்ணுகிற நேரத்தில், பூமிக்கு அடியில் இருப்பதை எதற்கு எரிக்கவேண்டும்?

கச்சான் காற்று

விவசாயி அண்ணன் சொன்னதை நான் அப்படியே ஆமோதிக்கிறேன். கீழக்கரைக்காரன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டன. பாக் விரிகுடாவில் கடல்பசுவுக்கென்று 2022ல் 448 சதுர கிலோமீட்டர் ஒதுக்கியிருக்கிறார்கள். உப்பூரில் 1,600 மெகாவாட் அனல் மின் நிலையம் வருகிறது என்றபோது மீனவரும் விவசாயியும் சேர்ந்து நின்றோம். 2021ல் பசுமைத் தீர்ப்பாயம் அதன் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. நிலக்கரிச் சாம்பலோடு ஒப்பிட்டால் காஸ் சுத்தம்தான், ஒத்துக்கொள்கிறேன். சாம்பல் இல்லை, கந்தகம் ஏறக்குறைய இல்லை, கரியமில வாயு நிலக்கரியில் பாதிக்குப் பக்கம்.

ஆனால் பீக்கிங் நிலையம் என்ற பெயரில் புதிதாகக் காஸ் நிலையமும் புதிதாகக் கிணறும் தோண்ட வழி பண்ணிவிடாதீர்கள். பேட்டரி வந்துவிட்டது. கடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று நிலையம் 1980களிலிருந்து இருக்கிறது. பகலில் தண்ணீரை மேலே ஏற்றி, சாயங்காலம் கீழே விடுகிறார்கள். குந்தாவில் 500 மெகாவாட்டுக்கு வேலை நடக்கிறது. பகல் வெயிலைச் சேர்த்து வைத்து இரவில் எடுத்தால் போதுமே? காஸ் எதற்கு?

கமுதி சோலார் டெக்னீஷியன்

அண்ணே, பேட்டரிக்கு ஆதரவாகப் பேசவேண்டிய ஆள் நான்தான், என் சோறு சூரியனில்தான். நான்கு மணி நேர பீக் என்றால் பேட்டரி பிரமாதம். அரை மணி நேரமெல்லாம் வேண்டாம், கண் இமைப்பதற்குள் லோடு எடுக்கும். எந்த டர்பைனும் அதற்கு ஈடாகாது. தினசரி சாயங்காலத்தைப் பேட்டரியிடம் விட்டுவிடலாம் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

ஆனால் 2020 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பாருங்கள். புரெவி புயல் நம் கரைக்குப் பக்கத்தில் வந்து நகராமல் நின்றதே. நாள் கணக்கில் வானம் மூடிக் கிடந்தது. அப்படிப்பட்ட நாட்களில் தகட்டில் வருவது சொற்பம். முதல் நாள் சாயங்காலத்தோடு பேட்டரி தீர்ந்துவிடும், மறுநாள் அதை நிரப்ப வெயில் இருக்காது. வாடைக் காலத்தில் காற்றாலையையும் நம்ப முடியாது. நமக்குக் காற்று கச்சானில், வைகாசி முதல் புரட்டாசி வரைதான் வாரி வழங்கும். மாசி, பங்குனியில் காற்று இருக்காது, வெப்பம் இருக்கும், பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கும். அந்தச் சாயங்காலங்கள்தான் கஷ்டம்.

பழைய டர்பைன் ஆள்

டெக்னீஷியன் தம்பி என் வேலையைச் சுலபமாக்கிவிட்டார். பேட்டரி ஒரு நாளைக்கு, காஸ் ஒரு வாரத்துக்கு. இரண்டுக்கும் சண்டை மூட்டவேண்டியதில்லை.

கீழக்கரைத் தம்பிக்கு ஒன்று. புதுக் கிணறு தோண்டு என்று நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். இருக்கிறதைப் பற்றித்தான் பேச்சு. 2024ல் நாட்டில் சுமார் 25,000 மெகாவாட் எரிவாயு நிலையங்கள் இருந்தன, காஸ் கிடைக்காமலும் விலை கட்டுப்படியாகாமலும் பெரும்பகுதி சும்மா கிடந்தது. அந்தக் கோடையில் மத்திய அரசு மின்சாரச் சட்டம் 11வது பிரிவைப் பயன்படுத்தி, மே, ஜூன் இரண்டு மாதமும் அவற்றை ஓட்டச் சொன்னது. அந்த மே 30ல் நாட்டின் தேவை 250 கிகாவாட் தொட்டது. நம் மாநிலம் மே 2ல் 20,830 மெகாவாட். மாநிலத்தின் சொந்த எரிவாயு நிலையங்கள் எல்லாம் சேர்ந்து 516 மெகாவாட், வழுதூர், குத்தாலம், கோவில்களப்பால், பேசின் பிரிட்ஜ் நான்கும். நூற்றுக்கு இரண்டரை. சின்னப் பங்குதான். ஆனால் மூட்டைக்குக் கடைசி முடிச்சு மாதிரி அந்த இரண்டரை.

இன்னொரு வேலையும் காஸ் டர்பைனுக்கு உண்டு. கிரிட் முழுக்க விழுந்துவிட்டால் மறுபடி எழுப்புவது யார்? நிலக்கரி நிலையத்தின் பம்பும் மின்விசிறியும் ஓடவே வெளியிலிருந்து கரண்ட் வேண்டும். நீர்மின் நிலையமும், அதற்கென்று டீசல் செட் வைத்திருக்கிற காஸ் டர்பைனும்தான் இருட்டிலிருந்து தானாக எழுந்து மற்றவற்றை எழுப்ப முடியும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரண்டு நாளும் வட இந்தியா இருண்டபோது இதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. நாம் அன்று தனி கிரிட், அதனால் தப்பித்தோம். இன்று நாமும் அதே கயிற்றில்தான்.

அப்புறம் ஐஸ் கம்பெனி அம்மா கேட்டதற்கு நான் பதிலே சொல்லவில்லை. மன்னிக்கவும். மாசியில் போன கரண்ட்டுக்கும் உற்பத்திப் பற்றாக்குறைக்கும் அநேகமாகச் சம்பந்தம் இருக்காது. மழை நின்று இரண்டு மாதம் ஆகியிருக்கும். கடல்காற்று கொண்டுவருகிற உப்பு, கம்பத்தில் கம்பியைத் தாங்குகிற இன்சுலேட்டர் மேல் படிந்துகொண்டே வரும், கழுவிவிட மழை இல்லை. சாயங்காலம் பனி இறங்கியதும் அந்த உப்பு ஈரமாகும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும், பளீரென்று ஒரு பொறி, லைன் டிரிப், அதாவது தானாகவே நின்றுவிடும். மண்டபம், பாம்பன் பக்கம் இது வழக்கம். பக்கத்தில் நிலையம் இருந்தால் வோல்டேஜ் கொஞ்சம் நிலையாக இருக்கும், அது உண்மை. ஆனால் உங்கள் தெருவுக்கு வருகிற லைன் கெட்டால் வழுதூர் அல்ல, கூடங்குளமே பக்கத்தில் இருந்தாலும் ஐஸ் உறையாது. கேட்கவேண்டியது இன்சுலேட்டரை மாசிக்கு முன்னால் கழுவச் சொல்லி.

உப்பு எங்களையும் விட்டதில்லை. டர்பைன் நிமிடத்துக்கு டன் கணக்கில் காற்றை உறிஞ்சும். வாசலில் வடிகட்டி வரிசையாக இருக்கும். வாடை ஓய்ந்த ஒரு நாள் அதில் ஒன்றைக் கழற்றி வெயிலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் மடிப்பு மடிப்பாக வெள்ளைக்கோடு, விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் உப்பளத்து உப்பு. அது உள்ளே போனால் கம்ப்ரசர் பிளேடில் படியும், மெஷின் மூச்சு முட்டும், சூட்டுப் பகுதியில் உலோகத்தையே அரிக்கும். அந்த வடிகட்டியைச் சரியான நேரத்தில் மாற்றாமல் ஒரு தடவை ஏழு மணி பீக்கில் மெஷின் டிரிப் ஆனது. கேட்டபோது உதிரிக்கு அனுமதி வரவில்லை என்றார்கள். ஒரு வடிகட்டிக்காக 60 மெகாவாட் போன அந்தச் சாயங்காலம் இன்னும் மனதில் இருக்கிறது. தயாராக நிற்பதுதான் வேலை என்றேனே, அதற்கு இதெல்லாம் வேண்டும்.

மண்டபம் ஐஸ்

ஐயா, இத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்கு இந்த உப்பு விஷயத்தைச் சொன்னதில்லை. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி எப்படித் துருப்பிடிக்கிறது என்று பார்க்கிறேன், லைனைப் பற்றி யோசித்ததே இல்லை. நன்றி. தை மாதமே போய் மனு கொடுக்கிறேன்.

உச்சிப்புளிப் பையன்

ஐயா, ஒரு யோசனை வருகிறது, தப்பென்றால் திருத்துங்கள். கிணற்றை மூடித் திறக்கவேண்டாம். அது சீராக ஓடட்டும். வெயில் நேரத்தில் வழுதூரை முழுக்க நிறுத்தாமல் கொஞ்சம் இறக்கி, மிச்சமாகிற காஸைத் தூத்துக்குடிப் பக்கம் அனுப்பலாம். சாயங்காலம் அங்கே குறைத்து இங்கே ஏற்றலாம். 143 கிலோமீட்டர் குழாயே ஒரு தொட்டி மாதிரிதானே? அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றி வைத்தால் சில மணி நேரத்துக்கான காஸ் அதற்குள்ளேயே நிற்குமே?

பழைய டர்பைன் ஆள்

பத்து நிமிடம் இதைப் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், தம்பி. யோசனை தப்பில்லை. குழாயையே தொட்டியாக வைப்பது உலகம் முழுக்கச் செய்வதுதான். கொதிகலனையும் சூடாகவே வைத்திருக்கலாம், வெல்டிங் வெடிக்காது, ஸ்டார்ட் எண்ணிக்கையும் ஏறாது.

தடங்கல் எங்கே என்றும் சொல்லவேண்டும். உர ஆலை இன்னும் பிடிவாதக்காரன், அதன் காஸை மணிக்கு மணி ஏற்றி இறக்க முடியாது. ஆகவே ஆடுவதற்கு இடம் குழாய் அழுத்தத்தில்தான். அழுத்தத்துக்கும் மேல் எல்லை, கீழ் எல்லை உண்டு. டர்பைனையும் ஓர் அளவுக்குக் கீழே இறக்கினால் எரிதல் கெட்டு, நைட்ரஜன் ஆக்ஸைடு புகை கூடும், கீழக்கரைத் தம்பி சண்டைக்கு வருவார், வரவும் வேண்டும். அப்புறம் காஸ் ஒப்பந்தம். தினமும் இவ்வளவு எடுத்தே ஆகவேண்டும், எடுக்காவிட்டாலும் காசு என்று எழுதியிருந்தால் மின்வாரியம் ஏன் இறக்கப்போகிறது? பகல் யூனிட்டுக்கும் சாயங்கால யூனிட்டுக்கும் ஒரே விலை இருக்கும் வரை யாரும் இதற்கு மெனக்கெட மாட்டார்கள். மெஷினில் இல்லாத கஷ்டம் காகிதத்தில் இருக்கிறது.

பெரியபட்டினம் விவசாயி

காகிதத்தைத் திருத்தலாம் ஐயா. தீர்ந்த காஸை நிரப்பத்தான் முடியாது.

கச்சான் காற்று

மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கட்டணம் மாற்றும்போது பொதுமக்கள் கருத்துக் கேட்கிறதே. எழுத்திலும் அனுப்பலாம். நம் ஆறு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு கேள்வி அனுப்பினால் என்ன? தம்பி எழுதட்டும், ஐயா பார்த்துத் திருத்தட்டும். புதுக் கிணறு வேண்டாம் என்ற வரி மட்டும் கட்டாயம் இருக்கவேண்டும், அது இல்லாமல் என் கையெழுத்து வராது.

உச்சிப்புளிப் பையன்

எழுதிவிட்டேன். பாருங்கள்:

"ராமநாதபுரம் மாவட்டத்தில் இப்போது இயங்கும் கிணறுகளிலிருந்து கிடைக்கும் எரிவாயுவை, புதிய கிணறு எதுவும் தோண்டாமல், சூரிய மின்சாரம் மிகுந்திருக்கும் நேரத்தில் குறைவாகவும் சாயங்கால பீக் நேரத்தில் அதிகமாகவும் வழுதூர் நிலையத்தில் பயன்படுத்த வழி உண்டா? அதற்குக் குழாயில், எரிவாயு ஒப்பந்தத்தில், மின்கட்டணத்தில் என்ன மாற்றம் வேண்டும்? அந்த நிலையம் ஓடிய நேரத்துக்கு மட்டும் பணம் கொடுக்க வேண்டும்."

பழைய டர்பைன் ஆள்

கடைசி வாக்கியத்தை மாற்று தம்பி. ஓடிய நேரத்துக்கு மட்டும் பணம் என்றால் வடிகட்டி வாங்கக் காசு இருக்காது. "ஓடிய நேரத்துக்கும், கூப்பிட்டால் ஓடத் தயாராக நின்ற நேரத்துக்கும்" என்று எழுது. தயாராக நிற்காத நாளுக்குப் பிடித்தம் என்றும் சேர். அப்போதுதான் இரண்டு பக்கமும் நியாயம்.

உச்சிப்புளிப் பையன்

மாற்றிவிட்டேன் ஐயா. இன்சுலேட்டர் கழுவுகிற விஷயம் வேறு அலுவலகத்துக்குப் போகவேண்டியது என்பதால், அதை அக்கா பெயரில் தனி மனுவாக எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உச்சிப்புளி ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைக்கு வரமுடிந்தவர்கள் வந்து கையெழுத்துப் போடுங்கள். ஆறு மணிக்குள் வந்தால் வெளிச்சம் இருக்கும்.